கொச்சியில் போல் டான்ஸ் மாநாடு: போய்வந்தவர்கள் வழிகாட்டுங்கள்

செங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன், தோழிகளே. அடுத்த மாதம் கொச்சியில் இரண்டு நாள் நடக்கும் போல் டான்ஸ் (கம்பத்தைப் பிடித்து ஏறி ஆடும் நடனம்), உடற்பயிற்சி மாநாட்டுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். போட்டிக்கு அல்ல, வேடிக்கை பார்க்கவும், முடிந்தால் ஒன்றிரண்டு பயிற்சி வகுப்பில் சேரவும்தான். வயது 41.

வீட்டுக் கூடத்தில் தரைக்கும் கூரைக்கும் நடுவே 45 மில்லிமீட்டர் குரோம் கம்பம் ஒன்றை இறுக்கிப் பொருத்தியிருக்கிறேன். பகலில் மாமியார் அதில் சாய்ந்துகொண்டு முருங்கைக்கீரை ஆய்வார். மாலையில் அது எனக்கு. எட்டு மாதத்தில் முழங்கால் மடிப்பில் கத்தரிக்காய் நிறத்தில் ஒரு கன்றலும், தலைகீழாகத் தொங்கும் துணிச்சலும் சம்பாதித்திருக்கிறேன்.

அங்கே வகுப்புகள் சுழலும் கம்பத்தில் என்கிறார்கள். நான் பழகியதோ அசையாத கம்பம். தலைசுற்றலை எப்படிச் சமாளித்தீர்கள்? தோல்தான் பிடிமானம் என்பதால் அரைக்கால் சட்டையைத் தவிர்க்க முடியாது. நாலு பேர் முன்னால் அந்தக் கூச்சம் எப்போது விட்டது? முந்தின நாளே தேங்காய் எண்ணெயை நிறுத்தினால் போதுமா, கொச்சிப் புழுக்கத்துக்கு, வழுக்காமலிருக்கக் கையில் பூசும் லிக்விட் சாக்கும் வேண்டுமா? விழுப்புரத்துப் பிள்ளைகள் விளக்கெண்ணெய் தடவிய மல்லர் கம்பத்தில் ஏறுகிறார்கள். எனக்கு வியர்வை துளிர்த்தாலே வழுக்குகிறது!

பாலருவி எக்ஸ்பிரஸில் ஏறி எறணாகுளத்தில் இறங்குவதாகத் திட்டம். தனியாக வரும் பெண் தங்குவதற்கு நல்ல விடுதி தெரிந்தால் சொல்லுங்கள். தென்காசி, புனலூர் பக்கமிருந்து யாராவது வருகிறீர்களா? சேர்ந்தே போகலாம். இட்லியும் மிளகாய்ப்பொடியும் என் பொறுப்பு.