மால்டாவுக்குப் பெயர் வந்த கதை

சிகாகோவிலிருந்து சியாட்டில் செல்லும் எம்பயர் பில்டர் ரயில் அமெரிக்காவின் வடமேற்கு மாநிலமான மொன்டானாவைக் கடக்க ஒரு பகல் முழுவதும் எடுத்துக்கொள்கிறது. வழிநெடுக ஊர்ப் பெயர்கள் வியப்பாக இருந்தன: கிளாஸ்கோ, மால்டா, ஹார்லெம், சூரிச், கிரெம்ளின், இன்வெர்னெஸ். கோதுமை வயல்களுக்கு நடுவே கிரெம்ளின் எப்படி வந்தது?

எதிர் இருக்கையில் இருந்த மூதாட்டிக்கு மால்டாதான் சொந்த ஊர். கேட்டதும் உற்சாகமாகிவிட்டார். “முதலில் எங்கள் ஊருக்கு எண்தான் இருந்தது. சைடிங் 54. பெயர் வைக்கச் சொன்னதும் ரயில்வே அலுவலகத்தில் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு பூகோள உருண்டையைச் சுற்றிவிட்டு விரலை வைத்தாராம்.” காபிக் கோப்பையின் மூடியை மேசையில் சுழலவிட்டு, ஆள்காட்டி விரலால் சட்டென்று அழுத்தியும் காட்டினார்.

அந்த உருண்டைக் கதைக்கு ஆவணம் தேடிப் பயனில்லை. அந்தப் பாதையோரம் பல ஊர்களில் அதையேதான் சொல்கிறார்கள். ஆனால் அதில் தெரியும் அவசரம் உண்மை. 1887இல் ரயில்வே அதிபர் ஜேம்ஸ் ஹில்லின் ஆட்கள் வடக்கு டகோட்டாவின் மைனாட்டிலிருந்து மொன்டானாவின் கிரேட் ஃபால்ஸ் வரை சுமார் 545 மைல் தண்டவாளத்தை ஒரே பருவத்தில் போட்டு முடித்தார்கள். ஒற்றைப் பாதையில் எதிரெதிர் ரயில்கள் விலகிக்கொள்ள, இடைவெளி விட்டு சைடிங்குகள் என்ற பக்கத் தண்டவாளங்கள் அமைத்து எண் கொடுத்தார்கள். கிளாஸ்கோவும் அப்படித்தான், சைடிங் 45.

பக்கத்திலேயே ஓடும் ஆற்றின் பெயர் எனக்கு அதைவிடப் பிடித்திருந்தது. 1805இல் நாடாய்வுப் பயணமாக அங்கே வந்த லூயிசும் கிளார்க்கும், பால் கலந்த தேநீரின் நிறத்தைக் கண்டு பால் ஆறு என்றார்கள். ஜன்னல் வழியே பார்த்தேன், இன்றும் அதே நிறம். நேரில் பார்த்தவர் வைத்த பெயர் அது.

ஆனால் அவர்களுக்கும் முன்பே அங்கே மக்கள் இருந்தார்கள். ரயில் பாதை போட்டபோது அந்தச் சமவெளி அசினிபொயின், குரோவான்ட், பிளாக்ஃபீட், சூ ஆகிய பூர்வகுடி மக்களுக்கென ஒதுக்கப்பட்ட நிலம். 1888இல் அமெரிக்க நாடாளுமன்றம் அதில் சுமார் 1.7 கோடி ஏக்கரை எடுத்துக்கொண்டு, மூன்று சிறு ஒதுக்கீட்டுப் பகுதிகளை மட்டும் விட்டுவைத்தது. உருண்டைக் கதையில் இதற்கு இடமே இல்லை என்பது என்னை உறுத்தியது. மூதாட்டியிடமே கேட்டுவிட்டேன்.

“நான் படித்த காலத்தில் இதையெல்லாம் யாரும் சொல்லித்தரவில்லை. என் பேத்திக்குப் பள்ளியிலேயே சொல்லித்தருகிறார்கள்” என்றார். பூர்வகுடிகளின் வரலாற்றை எல்லா மாணவர்களுக்கும் கற்பிக்க வேண்டும் என்று மொன்டானா 1999இல் சட்டம் இயற்றியிருக்கிறது.