மாஸி 35-க்குள் நாலு சிலிண்டர் டீசல்: இது எந்த இன்ஜின்?

மலைக்காடு:
வணக்கங்க. கோத்தகிரி பக்கம் ஒரு எஸ்டேட் ஷெட்டில் பல வருஷமாகச் சும்மா கிடந்த மாஸி பெர்குசன் 35 டிராக்டரை வாங்கியிருக்கிறேன். சிவப்பு பானெட், சாம்பல் நிறத்தில் இன்ஜினும் கியர்பாக்ஸும். காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது. செல்ஃப் அடித்தால் வெள்ளைப் புகைதான் வருகிறது. வெயில் ஏறினபிறகு ஒருவழியாகப் பிடித்துக்கொள்ளும். ஆயில் ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால் தண்ணீர் கலந்து பால் காபி மாதிரி இருக்கிறது.

ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் சீல்) போயிருக்கும் என்று மெக்கானிக் ஹெட்டைக் கழற்றினார். "35-க்கு கொடுங்கள்" என்று கேட்டு வாங்கிவந்த கேஸ்கெட்டில் மூன்று ஓட்டை, இன்ஜினிலோ நாலு சிலிண்டர். யாரோ ஜீப் இன்ஜினைப் போட்டு ஏமாற்றிவிட்டார்கள் என்கிறார் மெக்கானிக். பக்கத்துத் தோட்டக்காரர் பி-275 டிராக்டரின் இன்ஜின் என்கிறார். பிளாக்கில் பெயின்ட் மூடிக் கிடப்பதால் எழுத்து எதுவும் தெரியவில்லை. இது என்ன இன்ஜின் என்று யாராவது சொல்ல முடியுமா?

சுத்தியல்:
மெக்கானிக் சொல்வதுதான் சரியாக இருக்கும் அண்ணே. பழைய பெட்ரோல் ஜீப்புகளில் பெஜோ டீசலை மாற்றிப் போட்ட காலம் ஒன்று இருந்தது. டிராக்டரிலும் அதைச் செய்திருப்பார்கள். பேசாமல் சிம்ப்ஸன் மூணு சிலிண்டரை வாங்கி மாட்டிவிடுங்கள், ஸ்பேர் எல்லாக் கடையிலும் கிடைக்கும்.

பழையஇரும்பு:
மலைக்காடு சார், முதலில் ஒன்று. ஹெட் கழன்றிருக்கும்போது யாரும் கிராங்கை, அதாவது பிஸ்டன்களை ஏற்றி இறக்கும் தண்டை, சுற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காரணம் கீழே சொல்கிறேன்.

சுத்தியல் தம்பி, ஜீப் இன்ஜினாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஜீப்பில் இன்ஜின் சேஸிஸ் மேல் உட்கார்ந்திருக்கும். 35-இல் சேஸிஸே கிடையாது. கியர்பாக்ஸ் முகத்தில் இன்ஜின் போல்ட் ஆகி, இன்ஜினின் முன்பக்கத்தில்தான் முன் ஆக்ஸில் தொங்குகிறது. வண்டி வளையாமல் நிற்பதே அந்த பிளாக்கும் அதன் அடியில் ஆயில் நிற்கும் வார்ப்பிரும்பு சம்பும் தாங்குவதால்தான். ஜீப்பின் தகர சம்ப் அந்தப் பாரத்தை எப்படித் தாங்கும்? வேறு இன்ஜின் போட்டிருந்தால் இரண்டு பக்கமும் தனியாக ஃப்ரேம் அடித்திருக்க வேண்டும். வெல்டிங் செய்த சேனல், அடாப்டர் பிளேட் எதுவும் கண்ணில் படாவிட்டால், அது இந்த வண்டிக்கென்றே வார்த்த இன்ஜின். பி-275 என்ற ஊகத்துக்கும் இதே பதில்தான்.

என் கணிப்பு, இது ஸ்டாண்டர்ட் 23சி. 35 மாடல் 1956-இல் இங்கிலாந்தில் கவென்ட்ரியில் வந்தபோது அதன் டீசல் இன்ஜின் இதுதான். நாலு சிலிண்டர், 2259 சிசி. செய்தது ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி. நம் வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்ட் கார் செய்தார்களே, அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர்கள். 1959-இல் மாஸி பெர்குசன் பெர்கின்ஸ் கம்பெனியை வாங்கியது. அதையொட்டி 35-க்குள் பெர்கின்ஸ் 3.152 என்ற மூணு சிலிண்டர் வந்தது. நம் ஊரில் சிம்ப்ஸன் செய்தது அந்தப் பெர்கின்ஸ் குடும்பத்தை. அதனால்தான் இங்கே 35 என்றாலே கடைக்காரர் மூணு ஓட்டை கேஸ்கெட்டை எடுத்துக் கொடுக்கிறார்.

உறுதி செய்ய இரண்டு வழி. டாஷ்போர்டில் இருக்கும் சீரியல் நம்பர் பிளேட்டை மண்ணெண்ணெய் போட்டுத் துடையுங்கள். எஸ்.டி.எம். என்று தொடங்கினால் நாலு சிலிண்டர் டீசல், எஸ்.என்.எம். என்றால் மூணு. பிளேட் மாறியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் வெர்னியரை வைத்து போரை (சிலிண்டரின் உள் விட்டத்தை) அளங்கள். 23சி-க்கு 84 மில்லி சொச்சம், அதாவது மூன்றே பதினாறில் ஐந்து அங்குலம். ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், நாலு அங்குலம். பெர்கின்ஸ் 3.152-இன் போர் 91.4 மில்லி, ஸ்ட்ரோக் 127. குழப்பத்துக்கே இடமில்லை.

மலைக்காடு:
ரொம்ப நன்றிங்க. பிளேட்டில் பச்சை பிடித்திருந்தது, துடைத்ததும் எஸ்.டி.எம். தெளிவாகத் தெரிகிறது. வெர்னியர் 84.2 காட்டுகிறது, தேய்மானம் இருக்கும்போல. ஃப்ரேம், அடாப்டர் எதுவும் இல்லை. மெக்கானிக்கிடம் காட்டினேன், "அப்போ ஒரிஜினல்தான்" என்று ஒத்துக்கொண்டார்.

ஆனால் ஹெட்டும் பிளாக்கும் நேராக இருக்கின்றன, பழைய கேஸ்கெட்டிலும் எரிந்த தடம் இல்லை. அப்புறம் தண்ணீர் எப்படி ஆயிலில் சேருகிறது? காலை ஸ்டார்ட்டிங் தொல்லையும் இதனால்தானா?

பழையஇரும்பு:
இரண்டும் வேறு வேறு சங்கதி.

தண்ணீர் லைனருக்குக் கீழிருந்து வருகிறது என்று நினைக்கிறேன். இது வெட் லைனர் இன்ஜின். பிஸ்டன் ஓடும் குழாய் பிளாக்கில் தனியாகச் செருகியிருக்கும், அதுதான் லைனர். லைனரைச் சுற்றித் தண்ணீர் நேராக ஓடும். அடியில் இரண்டிரண்டு லைனருக்குச் சேர்த்து எட்டு வடிவத்தில் மெல்லிய வளையம் சீல் ஆக இருக்கும். வருஷக்கணக்கில் நின்ற வண்டியில் அந்த உட்காரும் இடம் துருப்பிடித்துக் கசியும். கிராங்கைச் சுற்றாதீர்கள் என்றது இதற்குத்தான். ஹெட் இல்லாதபோது லைனரை அழுத்திப் பிடிக்க ஒன்றுமில்லை. பிஸ்டன் மேலே வரும்போது லைனரையும் தூக்கிவிடும், கசியாத சீலும் கசியும். சுற்றியே ஆகவேண்டும் என்றால் பட்டை வைத்து ஸ்டட்டில் இறுக்கிக்கொள்ளுங்கள்.

சம்பைக் கழற்றும்போது மறந்துவிடாதீர்கள், வண்டியின் முதுகெலும்பே அதுதான். முன்னும் பின்னும் முட்டுக் கொடுத்தபிறகே போல்ட்டில் கை வையுங்கள். லைனரை இறுக்கிவிட்டு, தண்ணீர் பம்பு வாயையும் ரேடியேட்டர் வாயையும் அடைத்து, பிளாக்கில் தண்ணீர் ஊற்றி ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் அடியில் படுத்துப் பார்த்தால் எந்த லைனரடியில் சொட்டுகிறது என்று தெரிந்துவிடும்.

ஸ்டார்ட்டிங் தொல்லை இந்த இன்ஜினின் பிறவிக்குணம். இங்கிலாந்திலேயே குளிர்காலத்தில் இதைத் திட்டாத விவசாயி குறைவு. டீசல் நேராக பிஸ்டன் மேல் பாயாமல் ஹெட்டிலுள்ள தனி அறையில் எரிகிறது. அமுக்கத்தில் உண்டாகும் சூட்டில் ஒரு பங்கை அந்த அறையின் சுவர் குடித்துவிடும். ரிங் தேய்ந்து அமுக்கமும் குறைந்தால் கோத்தகிரிக் குளிரில் சூடு எங்கே போதும்? பற்றாத டீசல்தான் வெள்ளைப் புகையாக வெளியே போகிறது. இதே வண்டி மேட்டுப்பாளையத்தில் நின்றால் இவ்வளவு முரண்டு பிடிக்காது.

சுத்தியல்:
அப்போ நான் சொன்ன சிம்ப்ஸன் யோசனை தப்பில்லையே?

பழையஇரும்பு:
தப்பில்லை, மாற்றி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இன்ஜின் மட்டும் வாங்கினால் போதாது. முன் ஆக்ஸில் சப்போர்ட், சம்ப், ஃப்ளைவீல், செல்ஃப், சைலன்சர் எல்லாம் மூணு சிலிண்டர் 35-இல் இருந்தே எடுக்கவேண்டும். தினமும் வேலைக்கு வேண்டும் என்றால் அதைச் செய்யலாம். வாரத்தில் ஒரு நாள் டிரெய்லர் இழுக்கத்தான் என்றால் இதையே சரிசெய்வது மேல் என்பேன். லைனர், பிஸ்டன், ரிங், எட்டு வடிவ சீல் சேர்ந்த செட் இங்கிலாந்தில் பழைய டிராக்டர் ஸ்பேர் விற்பவர்களிடம் கிடைக்கிறது. ஆர்டர் போடும்போது "35 டீசல்" என்று மட்டும் எழுதாதீர்கள், "23சி" என்று எழுதுங்கள். இல்லையென்றால் கப்பலேறி மறுபடியும் மூணு ஓட்டை கேஸ்கெட்டே வந்து சேரும்.

மலைக்காடு:
வாரத்தில் ஒரு லோடு விறகு, அவ்வளவுதான் வேலை. 23சி-யாகவே இருக்கட்டும். நாளைக்கு முட்டுக் கொடுத்து சம்பை இறக்குகிறோம், சொட்டுகிற லைனரைப் படம் எடுத்துப் போடுகிறேன்.