இரவு 2:40, குடும்பக் குழுவில்

நான் (2:40): யாராவது விழித்திருக்கிறீர்களா?

நான் (2:41): பாப்பா பத்தரைக்கு அழ ஆரம்பித்தாள். பால் கொடுத்தாயிற்று, துணி மாற்றியாயிற்று, ஏப்பமும் விட்டாயிற்று. தோளில் போட்டால் கொஞ்சம் அடங்குகிறாள், கீழே வைத்ததும் வீல் என்று கத்துகிறாள்.

அக்கா (2:43): நைட் டியூட்டியில்தான் இருக்கிறேன், சொல்லு. காய்ச்சல் பார்த்தாயா?

நான் (2:43): இப்போதுதான் பார்த்தேன். 98.4.

அக்கா (2:44): நல்லது. மூன்று மாதம் ஆகாத குழந்தைக்கு 100.4 தொட்டால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது, உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். பச்சையாக வாந்தி? பால் மறுக்கிறாளா? துவண்டு கிடக்கிறாளா? கை கால் விரலில் முடி ஏதாவது சுற்றியிருக்கிறதா?

நான் (2:46): எதுவும் இல்லை. பகலில் தங்கமான பிள்ளை. டாக்டர் எடை பார்த்து நன்றாக ஏறியிருக்கிறது என்றார்.

அக்கா (2:46): சரி, அவள் நன்றாக இருக்கிறாள். நீ எப்படி இருக்கிறாய்?

நான் (2:49): கோபம் வருகிறது அக்கா. அவள் மேலேயே. கை நடுங்குகிறது.

அக்கா (2:49): தொட்டிலில் மல்லாக்கப் படுக்கவை. தலையணை, போர்வை, பொம்மை எதுவும் உள்ளே வேண்டாம். நீ அடுத்த அறைக்கு வா.

நான் (2:49): அழும்போதா?

அக்கா (2:50): அழும்போதுதான். பத்து நிமிடம் அப்படி அழுவதால் அவளுக்கு ஒன்றும் ஆகாது. கழுத்து நிற்காத வயது, தலை கனம். கோபத்தில் ஒரு முறை உலுக்கினால்கூட மூளைக்குள் ரத்தம் கசியலாம். பிள்ளையை உயிராக நினைக்கிறவர்கள் கையிலும் அது நடந்திருக்கிறது, அழுகை தாங்காமல். அதனால்தான் சொல்கிறேன், வெளியே வா. முகம் கழுவு. தண்ணீர் குடி.

அக்கா (2:51): பாப்பா அப்பா எங்கே?

நான் (2:52): தூங்குகிறார். காலையில் வேலைக்குப் போகணுமே.

அக்கா (2:52): உனக்குக் காலையில் வேலை இல்லையா? எழுப்பு.

சித்தி (2:58): சத்தம் கேட்டு விழித்தேன், இத்தனை மெசேஜா! பச்சைப் பிள்ளையை அழ விட்டுவிட்டு வருவதாவது? தூக்கி வைத்துக்கொள்ளம்மா.

அக்கா (3:00): தூக்கட்டும் சித்தி, வேண்டாம் என்று யார் சொன்னது? கை நடுங்கும்போது மட்டும் வேண்டாம்.

பாப்பா அப்பா (3:04): எழுந்துவிட்டேன் அக்கா. இப்போது என்னிடம் இருக்கிறாள். இவளைப் படுக்கச் சொல்லியிருக்கிறேன். நான் என்ன செய்யணும்?

அக்கா (3:06): நடங்க தம்பி. 2022-இல் ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள் ஒரு சின்ன ஆய்வு வெளியிட்டார்கள், 21 குழந்தைகள்தான். அழும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்காமல் 5 நிமிடம் நடக்க வேண்டும். தூங்கியதும் உடனே கீழே வைக்காமல் 5 முதல் 8 நிமிடம் உட்கார்ந்து வைத்திருந்து, பிறகு படுக்கவைக்க வேண்டும். நாம் எல்லாரும் கண் மூடியதுமே கீழே வைக்கிறோம், அங்கேதான் விழித்துக்கொள்கிறது. எல்லாப் பிள்ளைக்கும் பலிக்காது, முயன்று பாருங்க.

அக்கா (3:07): உட்காரும்போது சோபாவில் சாய்ந்து கண்ணயர்ந்துவிடாதீங்க. கட்டிலைவிட அது மோசம், இடுக்கில் முகம் புதைந்துவிடும்.

பாப்பா அப்பா (3:31): நடந்தேன், உட்கார்ந்தேன், வைத்தேன். விழித்துவிட்டாள். மறுபடி நடக்கிறேன்.

அம்மா (6:12): இப்போதுதான் பார்க்கிறேன். ஏன்டி எனக்கு ஃபோன் செய்யவில்லை?

பெரியப்பா (6:40): எங்கள் காலத்தில் பிள்ளைகள் அழவில்லையா? யாரும் இப்படிப் புலம்பியதில்லை.

அம்மா (6:44): நீங்கள் தூங்கினீர்கள் அத்தான். அதனால் கேட்கவில்லை. இவள் அக்கா பிறந்தபோது வீட்டில் பெண்கள் நாலு பேர் மாற்றி மாற்றித் தூக்கினோம். எனக்கே ஆத்திரம் வந்து கொல்லைப்புறம் போய் நின்றிருக்கிறேன்.

பெரியம்மா (6:45): 😂 இப்போதும் அப்படித்தான். இடி விழுந்தாலும் குறட்டை நிற்காது.

பாப்பா அப்பா (7:15): அக்கா, கோலிக் என்கிறார்களே, அதுவா இது? வயிற்று வலியா?

அக்கா (7:32): வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன், பஸ்ஸில் இருக்கிறேன். கோலிக் என்பது ஒரு நோயின் பெயர் இல்லை தம்பி. நன்றாக வளரும் குழந்தை காரணம் புரியாமல் நிறைய அழுதால் அப்படிச் சொல்வார்கள். 1954-இல் வெஸ்ஸல் என்ற டாக்டர் ஒரு கணக்கு சொன்னார்: நாளுக்கு 3 மணி நேரம், வாரத்தில் 3 நாள், 3 வாரம். வயிறுதான் காரணம் என்று இன்னும் உறுதியாகவில்லை. இரண்டாவது வாரத்தில் அழுகை ஏற ஆரம்பிக்கும், ஆறு முதல் எட்டு வாரத்தில் உச்சம், மூன்று நான்கு மாதத்தில் பெரும்பாலும் இறங்கிவிடும். உங்கள் பாப்பாவுக்கு இப்போது ஏழாவது வாரம்.

நான் (7:35): அப்படியென்றால் நான் ஏதும் தப்பாகச் செய்யவில்லையா?

அக்கா (7:36): இல்லடி. யார் தூக்கினாலும் சில நேரம் அழுகை நிற்காது. அழுகையை நிறுத்துவதுதான் என் வேலை என்று நினைத்தால் பைத்தியம் பிடிக்கும். பக்கத்தில் இருந்தால் போதும். அழும்போது காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொள், குற்றம் ஒன்றும் இல்லை. சத்தம் பாதியானால் உன் படபடப்பும் குறையும்.

அக்கா (7:38): இன்னொன்று. நடுராத்திரியில் உட்கார்ந்து யோசிக்காதீர்கள், அந்த நேரத்தில் மூளை வேலை செய்யாது. இன்று பகலிலேயே இரண்டு பேரும் பேசி முடிவு செய்யுங்கள். யார் எப்போது பார்ப்பது, கோபம் வந்தால் யாரை எழுப்புவது, எழுப்பினால் முகம் சுளிக்கக் கூடாது. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதித் தொட்டில் பக்கத்துச் சுவரில் ஒட்டுங்கள்.

சித்தி (7:50): தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கு அவர் எப்படிப் பார்ப்பார்?

அக்கா (7:52): பாலை எடுத்து வைத்தால் அவரும் கொடுக்கலாம் சித்தி. இல்லையென்றால் குடிக்க மட்டும் இவளிடம் கொண்டுவரட்டும். ஏப்பம், துணி, தாலாட்டு எல்லாம் அவருடையது. இவளுக்கு இடையில் எழாமல் நாலு மணி நேரம் தூக்கம் கிடைத்தால் ஆளே மாறிவிடுவாள்.

அக்கா (7:55): பாப்பா தூங்கும்போதும் உனக்குத் தூக்கம் வரவில்லை, எதிலும் மனசு ஒட்டவில்லை என்று இரண்டு வாரம் நீடித்தால் டாக்டரிடம் போக வேண்டும். உன்னையோ அவளையோ ஏதாவது செய்துவிடுவோமோ என்று தோன்றினால் அன்றைக்கே. தம்பி, உங்களுக்கும்தான். இந்த மனச்சோர்வு அப்பாக்களுக்கும் வரும், யாரும் கேட்பதில்லை.

பாப்பா அப்பா (18:20): எழுதி ஒட்டியாயிற்று. இரவு 9 முதல் 2 வரை நான், அப்புறம் 7 வரை அவள். வேலை இடத்திலும் சொல்லிவிட்டேன், இந்த மாதம் ஒரு மணி நேரம் தாமதமாகப் போகலாம்.

சித்தி (18:26): அதில் எனக்கு இடமே இல்லையே? சனிக்கிழமை மதியம் நான் வருகிறேன். இரண்டு பேரும் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குங்கள்.

அம்மா (18:27): ஞாயிறு எனக்கு.

பெரியப்பா (18:41): எனக்கு என்ன வேலை?

பெரியம்மா (18:42): காலை ஐந்தரைக்கு இந்தக் குழுவில் வணக்கம் படம் போடாமல் இருப்பது.