கோல்ட் ஸ்டார்ட் (சும்மா கெடந்த கிளவுட் நிரல் முதல் அழைப்புக்கு எழும்ப எடுக்குற தாமதம்) மானத்த வாங்கின கதை இருந்தா எழுதுங்க

தண்ணிமலைப்பொடியன்:
தைப்பூசம், விடியக்காலை 4 மணி, பினாங்கு தண்ணீர்மலை அடிவாரம். பால்குட டோக்கன் சரிபார்க்க நான் எழுதின லாம்ப்டா (கூப்பிட்டா மட்டும் ஓடுற அமேசான் கிளவுட் நிரல்), நோட் ஜேஎஸ்ங்கிற ஜாவாஸ்கிரிப்ட் ரன்டைம்ல. கவுண்டர் திறந்ததும் அஞ்சு போன்லயும் ஒரே நேரத்துல ஸ்கேன். அஞ்சும் கோல்ட் ஸ்டார்ட். வரிசைல முதல் ஆளு ஒரு பாட்டி, தலையில குடம், ஒரு கையால அதப் புடிச்சிருக்காங்க. திரையில வட்டம் சுத்துது, சுத்துது. "ஏன் தம்பி, முருகனே வந்து அமுக்கணுமா?" மூணு செகண்ட்தான் இருக்கும். ஒரு சொட்டு பால் அவங்க நெத்தி வழியா மூக்குக்கு இறங்கினது இன்னும் கண்ணுல நிக்குது. அப்புறம் நோட்ட விட்டுட்டு எல்எல்ஆர்டிக்கு (LLRT, லாம்ப்டாவுக்குன்னு அமேசான் செஞ்ச இலகுவான ரன்டைம்) மாறிட்டேன். இப்ப வட்டமே வர்றதில்ல.

பிரிக்பீல்ட்ஸ்வாசி:
பொடியன், இத நம்பி எல்லாரும் கெளம்பிடப் போறாங்க லா. அமேசான் 2024 பிப்ரவரியில விட்டப்பவே பரிசோதனைன்னுதான் சொன்னாங்க. 10 மடங்கு வேகம்னது மட்டும் எல்லார் காதுலயும் விழுந்துச்சு. ரஸ்ட் மொழில எழுதினது, உள்ள ஓடுறது குவிக்ஜேஎஸ்ங்கிற சின்ன எஞ்சின், ஜிட் (ஓடும்போதே கோட மெஷின் மொழிக்கு மாத்துற வேல) கெடயாது. அதனாலதான் சட்டுனு எழும்புது, பெரிய லூப்ல மூச்சு வாங்குது. நான் கடை மாசக் கணக்க அதுல போட்டேன். நோட்ல ஒழுங்கா முடிஞ்ச வேல டைம் அவுட். மாமாக் கடையில முதலாளி எதிர்ல, தே தாரிக்ல ஆடை கட்டுற வரைக்கும் நான் ரிஃப்ரெஷ் பண்ணிக்கிட்டே இருந்தேன். அவரு ஒண்ணும் பேசல, அதான் பயம்.

செந்தூல் அக்கா:
எனக்கும் கோல்ட் ஸ்டார்ட் நடந்துச்சு, ரெண்டு நாள் ரன்டைம திட்டினேன், குத்தம் என் நோட் மாட்யூல்ஸ் (வெளி லைப்ரரிங்க) மூட்டையில. பொடியன் தம்பி, மொதல்ல எஸ்பில்ட்ல (கோட சேத்துக் கட்டுற கருவி) கட்டி ஒரே ஃபைலாக்கு. டைனமோ டேட்டாபேஸ் கிளையன்ட்ட ஹேண்ட்லருக்கு (ஒவ்வொரு அழைப்புக்கும் ஓடுற ஃபங்ஷன்) வெளிய வை. மெமரி எவ்ளோ வச்சிருந்த? லாம்ப்டால மெமரி ஏத்தினாத்தான் சிபியூவும் ஏறும், 1,769 எம்பிக்குத்தான் ஒரு முழு விசிபியூ (மெய்நிகர் சிபியூ). 128 எம்பில விட்டா முதல் டிஎல்எஸ் (குறியாக்கம் பண்ணின) கனெக்ஷனுக்கே திணறும். சிங்கப்பூர்லயா ஓடுது? 2024 ஆகஸ்ட்லேருந்து அமேசானுக்கு மலேசியா ரீஜனே (டேட்டா சென்டர் வட்டாரம்) இருக்கே. தைப்பூசத்துக்கு நேரம் முன்னாலயே தெரியும், அன்னிக்கு மட்டும் ப்ரொவிஷன்ட் கன்கரன்சி (நிரல முன்னாலயே எழுப்பித் தயாரா வைக்கிற வசதி) போட்டு வச்சிருந்தா ரன்டைம் மாத்துற வேலயே இல்ல.

தண்ணிமலைப்பொடியன்:
அக்கா, நான் யோசனையே கேக்கலயே 😅 எஸ்பில்ட் எப்பவோ போட்டாச்சு.

(கன்சோல்ல இப்பதான் போய் பாத்தேன். 128.)