ஆய்வாளர் அல்லாத இன்ஸ்பெக்டர்: தமிழில் எப்படிச் சொல்வது?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் உள்ள ஹார்ன்காசில் என்ற சிற்றூரின் காவல் வரலாறு குறித்த இயலை வெள்ளிக்குள் மொழிபெயர்த்துத் தரவேண்டும். ஒரு சொல்லிலேயே இரண்டு நாளாக நிற்கிறேன். ஆகஸ்டுக் குதிரைச் சந்தைக்குப் பேர்போன அவ்வூருக்கு நகராட்சித் தகுதி இல்லாததால், நகராட்சிகள் காவல் படை அமைக்கவேண்டும் என்ற 1835ஆம் ஆண்டின் நகராட்சிச் சட்டம் அதற்குப் பொருந்தவில்லை. ஆகவே 1838இல் ஊரார் 1833ஆம் ஆண்டின் ‘விளக்கு, காவல் சட்ட’த்தை ஏற்றார்கள். வரி செலுத்துவோர் கூடித் தேர்ந்தெடுக்கும் சிலரே காவலரை அமர்த்துவார்கள், சம்பளம் கொடுப்பார்கள், தெருவிளக்குக்கும் பொறுப்பாவார்கள். சட்டம் அவர்களை ‘இன்ஸ்பெக்டர்’ என்கிறது. ‘ஆய்வாளர்’ என்றால் நம் வாசகர் தொப்பியும் லத்தியுமாக ஒருவரை நினைப்பார். இவர்களோ சீருடையே அணியாத ஊர்க்காரர்கள்.

—

‘கண்காணி’ என்ற நல்ல சொல் இருக்க ஏன் தயக்கம்?

—

ஐயா, அது ‘கங்காணி’யாகி இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் பெற்ற பழி எளிதில் நீங்காது. உத்தரமேரூர்க் கல்வெட்டில் வரும் ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்ற ஊர்க்குழுக்களைப் போல இவர்களைக் ‘காவல் வாரியர்’ எனலாம். இரு சாராரும் ஊராரிலிருந்தே தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். ‘வாரி’ என்பது வருவாய். வீடுகளுக்கு, நிலத்தின் வீதத்தைப்போல மும்மடங்கு வரி விதித்துக் காவல் நடத்தியவர்களுக்கு இதைவிடப் பொருத்தம் வேண்டுமா? ‘வரித்தல்’ என்ற தேர்வுப் பொருளோடு இணைக்கவும் மனம் இழுக்கிறது.

—

வகுப்பில் ‘வாரியம்’ என்றால் மாணவர்களுக்கு மின்வாரியமே நினைவுக்கு வருகிறது. இங்கே தெருவிளக்கும் சேர்ந்திருப்பதால் குழப்பம் இரட்டிப்பாகும். பழஞ்சொல்தான் வேண்டுமென்றால், இரவுச் சுற்றுக்காவலருக்கு மதுரைக்காஞ்சியின் ‘ஊர்க்காப்பாளர்’ இருக்கிறது. ‘ஆய்வாளர்’ வேண்டாம் என்பதற்கு வலுவான காரணம் வேறு: 1856ஆம் ஆண்டுச் சட்டம், மாவட்டக் காவல் படைகள் திறமாக இயங்குகின்றனவா என்று பார்த்துச் சான்றளிக்க அரசு இன்ஸ்பெக்டர்களை அமர்த்தியது, அந்தச் சான்று கிடைத்தால்தான் சம்பளத்திலும் உடுப்புச் செலவிலும் கால் பங்கை அரசு தரும். ‘ஆய்வாளர்’ அவர்களுக்கே உரியது. ஊர்க்காரர்களைக் ‘காவல் மேற்பார்வையர்’ என்று எழுதுங்கள்.

—

நன்றி அம்மா. என் இயலில் இரு வகையினரும் அடுத்தடுத்து வருவதை நான் கவனிக்கவே இல்லை. 1857இல் மாவட்டப் படை வந்து ஊர்க்காவல் முடிகிற பக்கத்தில்தான் அது மிகவும் இடறியது. மூவர் ஒப்பியதால் ‘காவல் மேற்பார்வையர்’ என்றே எழுதி அனுப்பிவிட்டேன்.

—

அனுப்பியது சரி, ஆனால் ‘மேற்பார்வையர்’ என்றால் மேலிருந்து அரசு அமர்த்தியவர் என்றுதான் படும், ஊரார் தேர்ந்தெடுத்தது சொல்லில் எங்கும் தெரியவில்லை. சொற்பட்டியலில் என் மறுப்பையும் பதிந்துவிடுங்கள். நான் முன்பு சொன்ன ‘வாரி’ பற்றி நாளை தனி மடல் எழுதுகிறேன்.