கென்ட் கான்ராட் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாரா? 1992 டிசம்பர் 14-க்கு யாராவது பதில் சொல்லுங்கள்

தராசு:
பக்கத்துத் திரியில் ஒருவர், "அமெரிக்க செனட்டில் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிய ஒரே மனிதர் வடக்கு டகோட்டாவின் கென்ட் கான்ராட்" என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அதற்குக் கீழே வரிசையாகக் கைதட்டல். நேற்று ராத்திரி படித்தது, இன்னும் எரிச்சல் அடங்கவில்லை.

நடந்தது இதுதான். கான்ராட் 1981 முதல் 1986 வரை அந்த மாநிலத்தின் வரி ஆணையர். 1986-இல் செனட்டுக்கு நின்றபோது, "என் பதவிக்காலம் முடிவதற்குள் மத்திய அரசின் பற்றாக்குறை குறையாவிட்டால் மறுபடி நிற்க மாட்டேன்" என்ற பொருளில் ஊரறிய வாக்குக் கொடுத்தார். பதவியில் இருந்த மார்க் ஆண்ட்ரூஸை 2,000 சொச்சம் ஓட்டில் தோற்கடித்தார். 1986-இல் 22,100 கோடி டாலராக இருந்த பற்றாக்குறை 1992-இல் 29,000 கோடி ஆனது. சரி, நிற்க மாட்டேன் என்று அறிவித்தார். அதுவரை எனக்கும் அவர்மேல் மரியாதைதான். செப்டம்பர் 8-ஆம் தேதி அதே மாநிலத்தின் இன்னொரு செனட்டர் க்வென்டின் பர்டிக் இறந்துபோகிறார். டிசம்பர் 4-ஆம் தேதி அந்த இடத்துக்கு இடைத்தேர்தல். யார் நின்றது? கான்ராட்! டிசம்பர் 14-ஆம் தேதி ஒரு நாற்காலியிலிருந்து எழுந்து இன்னொரு நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு நாள்கூட செனட்டை விட்டு வெளியே இருக்கவில்லை. இதற்குப் பெயர் வாக்கைக் காப்பாற்றுவதா?

வடகாற்று:
அந்தக் கருத்தை எழுதியது நான்தான், ஒளித்துப் பேச வேண்டாம். வடக்கு டகோட்டாவின் ஃபார்கோவில் பதினொரு வருடமாக இருக்கிறேன். இங்கே வயதானவர்களிடம் கான்ராட் பெயரைச் சொல்லிப் பாருங்கள், கட்சி வேறானாலும் ஏமாற்றினார் என்று ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை. தன் இடத்துக்கு நிற்க மாட்டேன் என்றார், நிற்கவில்லை. அந்த இடத்துக்கு பைரன் டோர்கன் நின்று ஜெயித்தார். பர்டிக் சாவார் என்று கான்ராட்டுக்கு ஜோசியமா தெரியும்? இடைத்தேர்தலில் எதிரில் நின்றவர் ஜாக் டால்ரிம்பிள், பிற்பாடு மாநில ஆளுநராகவே ஆனவர், சாதாரண ஆள் இல்லை. அவரை எதிர்த்து கான்ராட் 60 சதவீதத்துக்கு மேல் வாங்கினார். வாக்குறுதி யாருக்குக் கொடுக்கப்பட்டதோ அந்த மக்களே சரி என்று சொல்லிவிட்டார்கள். நடுவில் உங்களுக்கு என்ன வழக்கு?

தராசு:
மக்கள் ஓட்டுப் போட்டால் பொய் உண்மையாகிவிடாது. நான் கேட்டது ஒரே கேள்வி. டிசம்பர் 14-க்கு முன்னால் செனட்டர், டிசம்பர் 14-க்குப் பின்னாலும் செனட்டர். இடையில் எத்தனை நாள் வீட்டில் இருந்தார்?

கயல்:
சண்டைக்கு நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். "மறுபடி நிற்பது" என்றால் என்ன என்று முதலில் பேசி முடித்துக்கொள்ளலாமே? அதே இடத்துக்கு நிற்பதா, செனட்டில் எப்படியாவது தொடர்வதா? இதைத் தீர்க்காமல் நூறு பதிவு போட்டாலும் இரண்டு பேரும் வேறு வேறு விஷயத்தைத்தான் பேசிக்கொண்டிருப்பீர்கள்.

பழையகணக்கு:
வரித்துறைக்காரர்களிடம் இதைத் தவிர வேறு என்ன எதிர்பார்க்க முடியும்? ஐ.ஆர்.எஸ். தலைவராக இருந்த ஆளுக்குச் சட்டத்தில் ஓட்டை கண்டுபிடிக்கத் தெரியாதா?

வடகாற்று:
பழையகணக்கு, படித்துவிட்டு எழுதுங்கள். ஐ.ஆர்.எஸ். மத்திய அரசின் வரித்துறை, அதற்கும் கான்ராட்டுக்கும் சம்பந்தமே இல்லை. அவர் மாநில வரி ஆணையர், வடக்கு டகோட்டாவில் அது மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் பதவி. 1969-இல் டோர்கன் 26 வயதில் அந்தப் பதவிக்கு வந்தார். கான்ராட் அவரிடம் உதவியாளராக வேலை பார்த்தவர். 1976-இல் மாநிலத் தணிக்கையாளர் பதவிக்கு நின்று தோற்றவர். 1980-இல் டோர்கன் கீழவைக்குப் போனதும் அந்த இடத்துக்கு நின்று ஜெயித்தார். 1986-இல் இவர் செனட்டுக்குப் போனதும் ஹைடி ஹைட்காம்ப் அதே பதவிக்கு வந்தார், அவரும் பிற்காலத்தில் செனட்டர். ஒரே அலுவலகத்திலிருந்து அடுத்தடுத்து மூன்று செனட்டர்கள். வரிக் கணக்கு பார்த்தவர்களிடம் மக்கள் அவ்வளவு நம்பிக்கை வைத்தார்கள். இதை ஏளனம் செய்ய ஒரு தகுதி வேண்டும்.

தராசு:
மூன்று செனட்டர், முப்பது செனட்டர், இருக்கட்டும். டிசம்பர் 14?

வடகாற்று:
அது வேறு நாற்காலி. எத்தனை முறை சொல்வது? வேறு நாற்காலி, வேறு பதவிக்காலம். பர்டிக்கின் காலம் 1995 ஜனவரியில் முடிவது. அதனால்தான் 1994-இல் மறுபடி மக்களிடம் போய் நின்றார். பாதுகாப்பாக ஆறு வருடம் உட்கார்ந்திருக்க வேண்டுமென்றால் தன் பழைய இடத்துக்கே நின்றிருக்கலாம், ஜெயித்தும் இருப்பார். அதை விட்டுக்கொடுத்த மனிதரைப் பற்றிப் பேசுகிறோம்.

தராசு:
நாற்காலி வேறு, அறை ஒன்று, சம்பளம் ஒன்று, ஓட்டுரிமை ஒன்று! நான் இருபத்திரண்டு வருடம் தணிக்கை செய்து சோறு தின்றவன். ஒரு வவுச்சரைக் கிழித்துவிட்டு அதே தொகைக்கு வேறு எண்ணில் வவுச்சர் போட்டுக் கொண்டுவந்தால் "வேறு காகிதம்தானே" என்று கையெழுத்துப் போட மாட்டேன். 1986-இல் ஓட்டுப் போட்ட ஒரு விவசாயி என்ன புரிந்துகொண்டிருப்பார்? "கணக்கு சரியாகாவிட்டால் இந்த ஆள் வீட்டுக்குப் போய்விடுவான்" என்றுதானே? போனாரா? 1992-இல் முடிய வேண்டியது 2013 ஜனவரி வரை ஓடியது. ஆறு வருடம் என்றவர் 26 வருடம் இருந்தார். அவர் இருந்த அந்தக் காலத்தைப் பற்றி நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. 1995 மார்ச் 2, வரவுக்குள் செலவு செய்ய வேண்டும் என்று அரசியல் சட்டத்தையே திருத்தும் தீர்மானம் வந்தது. செனட்டில் குடியரசுக் கட்சித் தலைவராக இருந்த டோல் மறுபடி கொண்டுவர வழி வைப்பதற்காகத் தன் ஓட்டை மாற்றிப்போட்டதை நீக்கிப் பார்த்தால், ஒரே ஓட்டில் தோற்றது. எதிர்த்து ஓட்டுப் போட்டவர்களில் கான்ராட்டும் டோர்கனும் உண்டு. பற்றாக்குறைக்காகப் பதவியையே துறப்பேன் என்றவர், பற்றாக்குறையைத் தடுக்கும் திருத்தத்துக்கு எதிராக ஓட்டு. இதற்கும் வேறு நாற்காலியா?

வடகாற்று:
அரை உண்மையை முழுசாக விற்காதீர்கள். சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதிய நிதியில் இருக்கும் உபரியை எடுத்துப் பற்றாக்குறையை மறைக்கக் கூடாது, அதைத் தனியாக வையுங்கள், நான் ஓட்டுப் போடுகிறேன் என்று கேட்டார். தரவில்லை, அதனால் எதிர்த்தார். கணக்குத் தெரிந்தவன் செய்கிற வேலை அது. உங்கள் இருபத்திரண்டு வருடத் தணிக்கையில் பி.எஃப். பணத்தை லாபத்தில் சேர்த்துக் காட்டினால் ஒத்துக்கொள்வீர்களா? 1993-இல் கிளின்டனின் பற்றாக்குறைக் குறைப்புச் சட்டம் செனட்டில் 50-க்கு 50 நின்று, துணை அதிபர் கோர் ஓட்டில்தான் தேறியது. அந்த 50-இல் கான்ராட்டும் ஒருவர். 1998-இல் பட்ஜெட்டில் உபரியே வந்தது. அவர் வீட்டுக்குப் போயிருந்தால்?

தராசு:
வேறு ஒரு ஜனநாயகக் கட்சிக்காரர் அதே ஓட்டைப் போட்டிருப்பார். டிசம்பர் 14-க்குப் பதில் வரவில்லை, குறித்துக்கொள்கிறேன்.

பழையகணக்கு:
வீட்டுக் கடன் நிறுவனமான கன்ட்ரிவைட் கொடுத்த கடனை இரண்டு பேரும் மறந்துவிட்டீர்களே. டெலவேரில் கடற்கரை வீடு வாங்கக் கடன் எடுத்தபோது அந்த நிறுவனம் அவருக்குச் சலுகை காட்டியது 2008-இல் வெளியே வந்தது. செனட் பட்ஜெட் குழுத் தலைவர்! அப்புறம் 10,500 டாலரைத் தொண்டு நிறுவனத்துக்குக் கொடுத்துக் கை கழுவினார். சாமானியனுக்கு எந்த வங்கி சலுகை காட்டுகிறது? என் தம்பிக்கு வீட்டுக் கடன் தருவதற்குள் செருப்பு தேய வைத்தார்கள்.

வடகாற்று:
சலுகை தனக்குத் தெரியாது என்றார், தெரிந்ததும் பணத்தைக் கொடுத்தார். 2009-இல் செனட்டின் நெறிமுறைக் குழு விசாரித்து விதிமீறல் இல்லை என்று முடித்தது.

தராசு:
"இன்னும் கவனமாக இருந்திருக்க வேண்டும்" என்றும் அதே குழு சொன்னது. அந்தப் பாதியை ஏன் முழுங்குகிறீர்கள்?

கயல்:
என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை, பரவாயில்லை. ஆனால் வரி ஆணையர்கள் என்று பேச்சு வந்துவிட்டதால் சொல்கிறேன், மூவரில் டோர்கன்தான் பெரிய ஆள். 1999-இல் வங்கிகளுக்கு இருந்த பழைய கட்டுப்பாட்டை நீக்கும் சட்டம் 90-க்கு 8 என்று செனட்டில் தேறியது. எதிர்த்த எட்டுப் பேரில் டோர்கன் ஒருவர், பத்து வருடத்தில் இதற்காக வருந்துவோம் என்று அப்போதே எச்சரித்தார். 2008 நிதி நெருக்கடியில் என்ன நடந்தது என்று எல்லாருக்கும் தெரியும். அந்த எட்டில் கான்ராட் இல்லை.

வடகாற்று:
2002-இல் ஈராக் போருக்கு அனுமதி கொடுக்கும் தீர்மானத்தை கான்ராட் எதிர்த்தார், உங்கள் டோர்கன் ஆதரித்தார். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள், கயல்.

பழையகணக்கு:
க்வில் வழக்கு போட்டவரும் கான்ராட்தானே? அஞ்சலில் பொருள் விற்கிற கம்பெனியிடம் வரி கேட்டு உச்ச நீதிமன்றத்தில் தோற்றாரே.

கயல்:
இல்லை! அது ஹைட்காம்ப். வெளிமாநிலத்திலிருந்து விளம்பரம் அனுப்பி விற்பவர்களும் வரி வசூலித்துக் கட்ட வேண்டும் என்று வடக்கு டகோட்டா விதியை மாற்றியது 1987-இல், அப்போது கான்ராட் வாஷிங்டனில் இருந்தார். 1992 மே மாதம் மாநிலம் தோற்றது, உண்மை. ஆனால் 2018-இல் தெற்கு டகோட்டாவின் வேஃபேர் வழக்கில் அதே உச்ச நீதிமன்றம் க்வில் தீர்ப்பைத் தூக்கிப் போட்டது. 26 வருடம் கழித்து அந்தப் பெண் சொன்னதுதான் சரி என்றானது. அவருடைய உழைப்பை இன்னொருவர் பெயரில் எழுதுவதைப் பார்த்தால் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

தராசு:
திரியின் தலைப்பு க்வில் இல்லை, ஈராக் இல்லை. டிசம்பர் 14.

வடகாற்று:
தராசு, உங்கள் பிரச்சினை கான்ராட் இல்லை, நான். போன வருடம் 1997 வெள்ளத்தில் ஃபார்கோ மூழ்கி எரிந்தது என்று நீங்கள் எழுதியபோது, ஊரே காலியாகி நகர மையம் எரிந்தது கிராண்ட் ஃபோர்க்ஸ் என்று எல்லார் முன்னாலும் திருத்தினேன். அதிலிருந்து நான் எங்கே எழுதினாலும் பின்னாலேயே வருகிறீர்கள்.

தராசு:
அந்தத் தவறை ஒரு மணி நேரத்தில் ஒப்புக்கொண்டேன், பதிவு இன்னும் அங்கேதான் இருக்கிறது. போய்ப் பாருங்கள். நான் ஊர்ப்பெயரைத் தப்பாக எழுதினேன், நீங்கள் ஒரு மனிதருக்கு இல்லாத பெருமையைக் கொடுக்கிறீர்கள், இரண்டும் ஒன்றில்லை. "ஒரே மனிதர்" என்று எழுதினீர்களே, அந்த "ஒரே"யையாவது எடுத்துவிடுங்கள்.

வடகாற்று:
எடுக்க மாட்டேன். ஐந்து வயதில் குடிபோதையில் வண்டி ஓட்டியவனால் அப்பா அம்மா இரண்டு பேரையும் இழந்து, தாத்தா பாட்டி வளர்த்து வந்த மனிதர். ஜெயிக்கிற இடத்தைத் தானாக விட்டவர்.

தராசு:
அவருடைய துக்கத்தை நான் மதிக்கிறேன், அதைக் கேடயமாகப் பிடிக்காதீர்கள். விட்டவர் எங்கே போனார்? எத்தனை நாள்?

கயல்:
டால்ரிம்பிள் அந்த இடைத்தேர்தலில் இந்த வாக்குறுதியை வைத்து எப்படிப் பிரசாரம் செய்தார் என்று யாருக்காவது தெரியுமா? வடகாற்று அண்ணா, உங்கள் ஊர் நூலகத்தில் அந்தக் காலத்துப் பத்திரிகை இருக்குமே?

வடகாற்று:
இருக்கும். சனிக்கிழமை போய்ப் பார்க்கிறேன். ஆனால் தராசுக்காக இல்லை, உங்களுக்காக.

தராசு:
பார்த்துவிட்டு டிசம்பர் 14-ஆம் தேதிப் பத்திரிகையையும் எடுத்துப் போடுங்கள்.