அழைப்பிதழில் ஆர்.எஸ்.வி.பி. என்று இருந்தால்

அமெரிக்கா, கனடா, இங்கிலாந்து பக்கம் புதிதாக வந்தவர்களுக்கு: பிள்ளை பள்ளியில் சேர்ந்ததுமே பிறந்தநாள் அழைப்புகள் வர ஆரம்பிக்கும். அடியில் ஆர்.எஸ்.வி.பி. என்று போட்டு, பதில் சொல்ல ஒரு கெடு தேதியும் போன் நம்பரும் இருக்கும். 'ரெபோந்தே சில் வூ ப்ளே' என்ற பிரெஞ்சுத் தொடரின் சுருக்கம் அது. தயவுசெய்து பதில் சொல்லுங்கள் என்று பொருள். ஆனாலும் 'ப்ளீஸ் ஆர்.எஸ்.வி.பி.' என்று எழுதுகிறவர்கள் உண்டு, நம்மூர் 'நடுசென்டர்' மாதிரி.

வருகிறவர்கள் சொன்னால் போதும் என்று நம்மவர்கள் பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, வராவிட்டாலும் சொல்ல வேண்டும். 'ரிக்ரெட்ஸ் ஒன்லி' என்று இருந்தால் மட்டும் கதை வேறு: வராதவர்கள் சொன்னால் போதும், சும்மா இருந்தால் வருகிறீர்கள் என்று கணக்கு.

நமக்குக் கஷ்டமே 'வரலை' என்று சொல்வதில்தான். கூப்பிட்டவரிடம் எப்படி மறுப்பது என்று 'பார்க்கலாம்', 'ட்ரை பண்றோம்' என்று இழுப்போம். ஊரில் அதன் அர்த்தம் எல்லோருக்கும் தெரியும். இங்கே பிறந்தநாள் பார்ட்டியை டிராம்போலின் பார்க்கில் (பிள்ளைகள் குதித்து விளையாடும் இடம்) வைத்தால், பெரும்பாலும் தலைக்கு இவ்வளவு என்று பணம். எத்தனை பிள்ளைகள் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். பீட்சாவும் அந்தக் கணக்கில்தான். உங்கள் 'ட்ரை'யை வைத்துக்கொண்டு கூப்பிட்ட அம்மா என்ன செய்வார்? 'அழைத்ததற்கு நன்றி, அன்று வர முடியவில்லை, குழந்தைக்கு வாழ்த்துகள்' என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி அனுப்புங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை.

அப்புறம், அழைப்பு யார் பெயருக்கோ அவர்களுக்குத்தான். தம்பி தங்கையையும் கூட்டி வரலாமா என்று கேட்கலாம், தப்பில்லை. கேட்காமல் கூட்டிப் போகாதீர்கள். அலர்ஜி, சைவம் என்பதையெல்லாம் பதிலிலேயே சொல்லிவிடுங்கள். முட்டை சாப்பிடாதவர்கள் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும், 'வெஜிடேரியன்' என்றால் கேக்கில் முட்டை இருக்கத்தான் செய்யும்.

கல்யாண அழைப்போடு சில சமயம் ஸ்டாம்ப் ஒட்டிய உறையும் பதில் அட்டையும் வரும். அட்டையில் 'எம்' என்ற ஆங்கில எழுத்தும் பக்கத்தில் நீளக் கோடும் இருக்கும். அதை இனிஷியல் என்று நினைத்துவிடாதீர்கள்! மிஸ்டர், மிசஸ், மிஸ் எல்லாவற்றுக்கும் பொதுவான முதலெழுத்து அது. மீதியை நிரப்பி முழுப்பெயரை எழுதுங்கள்.

நம்மவர் வீட்டு வளைகாப்பு, அரங்கேற்ற அழைப்புகளிலும் இப்போது ஆர்.எஸ்.வி.பி. வருகிறது. தெரிந்தவர்தானே என்று விட்டுவிடாதீர்கள். கேட்டரிங்காரருக்கு அங்கேயும் பிளேட் கணக்குத்தான். கெடு தாண்டியிருந்தாலும் சரி, இன்றைக்கே ஒரு மெசேஜ் தட்டிவிடுங்கள்.